ஓய்வு பெற்று ஐந்து மாதம்: காலை ஒன்பது மணிக்கு என்ன செய்வது?

பீட் நம்பர் 7 எழுதியது:

வணக்கம். கும்பகோணத்தில் தபால்காரராக வேலை பார்த்து, 2025 மே 31 அன்று ஓய்வு பெற்றேன். 1989இல் சேர்ந்தவன். கடைசிப் பத்தொன்பது வருடமும் ஒரே பீட், அதாவது நான் தபால் கொடுக்கும் அதே தெருக்கள்.

பணத்துக்குக் கஷ்டம் இல்லை. பென்ஷன் வருகிறது, மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, மகன் ஓசூரில் இருக்கிறான். உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது. காலை ஒன்பது மணிதான் என்னைப் படுத்துகிறது. அலுவலகத்தில் அந்த நேரத்தில்தான் பையைப் பிரித்துத் தெரு வாரியாகத் தபாலை அடுக்குவோம். எந்த வீடு முதலில், எந்த வீடு கடைசியில் என்று கையே பிரித்துவிடும். இப்போதும் படுத்தால் அந்த வரிசை மனதில் ஓடுகிறது. மூலை மளிகைக்கடை, அடுத்து நீலக் கதவு வீடு, அதற்கடுத்து மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தையல்காரர்.

முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்த காலத்தில், தேதி நெருங்கினால் பாட்டிகள் திண்ணையில் காத்திருப்பார்கள். மோர் கொடுக்காமல் விட மாட்டார்கள். "பெரிய தெரு, மாடி வீடு" என்று மட்டும் எழுதி வந்த கடிதத்தையும் சேர்த்திருக்கிறேன். நான் வெளியே வந்து மூன்று மாதத்தில் பதிவுத் தபாலையே விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

செய்து பார்த்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். காலை நடைக்கு ஒரு குழுவோடு போனேன். பேச்சு முழுக்க சர்க்கரை அளவும் மருமகள்களும்தான், இரண்டு வாரத்தில் நின்றுவிட்டேன். மாடியில் கத்தரியும் வெண்டையும் வைத்திருக்கிறேன். தண்ணீர் ஊற்ற இருபது நிமிடம் ஆகும், அதோடு சரி. ஒரு கூரியர் கடையில் கூப்பிட்டார்கள். மறுபடியும் யார் நேரத்துக்கோ ஓட மனம் வரவில்லை.

நேரம் போக வழி இருக்கிறது, டிவி போட்டால் போய்விடும். காலையில் எழும்போது "இன்றைக்கு இது பாக்கி இருக்கிறது" என்று மனதில் ஒன்று இருக்க வேண்டும். அப்படி ஏதாவது கண்டுபிடித்தவர்கள் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புதான் படித்திருக்கிறேன். தமிழ் நன்றாக வாசிப்பேன்.

ஈரோட்டுக்காரன் எழுதியது:

அண்ணே, நான் கூட்டுறவுத் துறையிலிருந்து 2022இல் வந்தவன். பக்கத்தில் உள்ள கல்லூரிகளில் பார்வையற்ற மாணவர்கள் படிக்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள். தேர்வில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுத ஆள் வேண்டும். யார் எழுதலாம், என்ன படித்திருக்கலாம் என்பதற்கு விதி உண்டு, கல்லூரியிலேயே சொல்லிவிடுவார்கள். மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தருவார்கள் என்பதால் மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரம் ஓடும். கை வலிக்கும். விடை தவறு என்று நமக்குத் தெரிந்தாலும் அவர் சொன்னதைத்தான் எழுத வேண்டும், அதுதான் கஷ்டம். போன ஏப்ரலில் ஒரு பெண்ணுக்கு ஆறு தாள் எழுதினேன். கடைசித் தாள் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், அடுத்த செமஸ்டருக்கும் நீங்கதான்" என்றது. மற்ற மாதங்களில் பாடப்புத்தகத்தை வாசித்து ஃபோனில் பதிவு செய்து அனுப்புகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பாடம், அதுதான் எனக்குப் பாக்கி.

வாசல்கோலம் எழுதியது:

ஐயா, நான் ஓய்வு பெற்றவரின் மனைவி. அதனால் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் முப்பது வருடம் பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை என்னுடைய நேரம். துணி மடிப்பேன், ரேடியோ கேட்பேன், எதிர்வீட்டு அக்கா வருவாள். அவர் வீட்டில் இருக்க ஆரம்பித்ததும் அக்கா வருவது நின்றது. பதினொன்றுக்கு ஒரு காபி, பன்னிரண்டுக்கு "என்ன சமையல்?" அவர் நல்ல மனிதர், என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் எனக்கு மூச்சு முட்டியது. அதை அவரிடம் சொல்ல ஒரு வருடம் ஆயிற்று. உங்கள் பதிவில் மகன், மகள் எல்லாரும் வருகிறார்கள், உங்கள் வீட்டம்மா வரவில்லை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் அவரிடம், "பகலில் உனக்கு எப்படி இருந்தால் பிடிக்கும்?" என்று கேட்டுவிடுங்கள்.

தமிழாசிரியை, தஞ்சை எழுதியது:

சார், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். கோணல் கையெழுத்தையும் பாதி முகவரியையும் 36 வருடம் வாசித்த கண் உங்களுடையது. அந்தக் கண்ணுக்கு உங்கள் ஊரிலேயே வேலை இருக்கிறது: கல்வெட்டு வாசிப்பது.

பயப்படாதீர்கள், நானும் 58 வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன். சோழர் கால எழுத்து நம் தமிழெழுத்துத்தான், உருவம் கொஞ்சம் மாறியிருக்கும். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எ, ஏ இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஒ, ஓவும் அப்படியே. துணைக்காலையும் (கா-வில் வரும் கால்) ர-வையும் வடிவத்தை வைத்துப் பிரிக்க முடியாது. முன்னும் பின்னும் என்ன சொல் வருகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இதைத்தானே நீங்கள் தினமும் காலையில் செய்தீர்கள்?

இன்னொன்று. சோழ அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். சுவரில் "கோப்பரகேசரி பன்மற்கு யாண்டு" (ஆட்சியாண்டு) இத்தனை என்று மட்டும் இருக்கும், எந்தப் பரகேசரி என்று இருக்காது. ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் கடிதத்தை யார் வீட்டில் கொடுப்பீர்கள்? எழுத்தின் அமைப்பு, உடன் வரும் ஊர்ப்பெயர், அதிகாரி பெயர் எல்லாம் பார்ப்பீர்கள் அல்லவா, இங்கும் அதேதான்.

எங்கே தொடங்குவது? தாராசுரம். உங்கள் ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர் இருக்குமா, உங்கள் சைக்கிளுக்கு அது ஒரு தூரமே இல்லை. இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலில், விமானத்தின் (கருவறையும் அதன் மேல் கோபுரமும்) அடிப்பகுதியில் அறுபத்து மூன்று நாயன்மார் கதையும் கையகலச் சிற்பங்களாக ஓடும். சிற்பத்தை ஒட்டிப் பெயர் வெட்டியிருக்கும். ஒரு பெயர், சில எழுத்து, அவ்வளவுதான். கதை உங்களுக்கே தெரியும் என்பதால் சிற்பத்தைப் பார்த்து, "இது இன்னாராக இருக்கும்" என்று ஊகித்துவிட்டு எழுத்தோடு ஒப்பிடலாம். தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் நான் பார்த்ததில்லை. அப்புறம் உங்கள் நாகேசுவரன் கோயில் இருக்கிறது. அங்கே முற்காலச் சோழர் எழுத்து.

பெரிய கல்வெட்டுக்குப் போகும்போது முதலில் அச்சில் வந்த பாடத்தை வாசித்துவிட்டுச் சுவர் முன்னால் நில்லுங்கள். தொல்லியல் துறை 1890 முதல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கல்லின் மேல் மாவு, சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் தேய்க்காதீர்கள், யாராவது தேய்த்தால் தடுங்கள். வெயில் சாய்வாக விழும்போது போனால் எழுத்து தானாக எழுந்து நிற்கும்.

நான் முதன்முதலாகத் தனியாக வாசித்தது ஒரு நொந்தா விளக்குக் கல்வெட்டு. ஒருவர் கோயிலில் அணையா விளக்கு எரிய 96 ஆடு கொடுக்கிறார், அதிலிருந்து தினமும் உழக்கு நெய் வர வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். சாகாது, கிழடாகாது. கிழடான ஆட்டுக்குப் பதில் குட்டி வளர்ந்து நிற்கும், எண்ணிக்கை குறையக் கூடாது என்பது ஏற்பாடு. அந்த மூன்று சொல்லை வாசித்து முடித்தபோது என் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் வகுப்பில் தமிழ் நடத்தியிருக்கிறேன், அப்படி ஒரு சொற்றொடர் எங்கள் பக்கத்துக் கோயில் சுவரிலேயே இருப்பது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

பீட் நம்பர் 7 எழுதியது:

டீச்சரம்மா, ரொம்ப நன்றி. தாராசுரத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன், கீழே குனிந்து பார்த்ததே இல்லை. சமஸ்கிருதச் சொல்லை எழுதும் கிரந்த எழுத்து கலந்து வருமாமே, அதை எப்படிச் சமாளிப்பது?

வாசல்கோலம் அம்மா, நீங்கள் சொன்னதை அன்று ராத்திரியே கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "செவ்வாயும் வெள்ளியும் காலையில் வீடு எனக்கு வேணும்" என்றாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

தமிழாசிரியை, தஞ்சை எழுதியது:

கிரந்தம் முதலில் பத்து எழுத்து போதும் சார். ஸ்வஸ்திஸ்ரீ என்ற தொடக்கத்திலேயே நாலு வந்துவிடும். ஒரு நோட்டு போட்டு, பார்த்த எழுத்தை அப்படியே வரைந்து, பக்கத்தில் இன்றைய எழுத்தை எழுதுங்கள். ஃபோனில் படம் எடுத்தால் மட்டும் கைக்கு வராது.

பீட் நம்பர் 7 எழுதியது (ஏழு வாரம் கழித்து):

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் தவறாமல் போகிறேன். காலை ஒன்பதுக்குச் சைக்கிளை எடுத்தால் வீட்டுக்கு வர ஒன்று ஆகிறது. முதல் நாள் ஒரு பெயர்கூட வரவில்லை, பாதி எழுத்து தேய்ந்திருக்கிறது. மூன்றாம் முறை போனபோது முதலை வாயிலிருந்து பிள்ளை வருகிற சிற்பத்துக்கு முன் உட்கார்ந்தேன். அவினாசிக் கதை, சுந்தரர் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தெரிந்ததை வைத்துக்கொண்டு பக்கத்துக் கல்லில் எழுத்து எழுத்தாகப் போனேன். நோட்டில் இப்போது பதினெட்டுச் சிற்பம் ஏறியிருக்கிறது, பதினொன்றுக்குப் பெயர் உறுதி.

என் பழைய பீட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவரின் பேரன், எட்டாம் வகுப்பு, போன வெள்ளிக்கிழமை லீவு என்று கூட வந்தான். "தாத்தா, இதுக்கும் பின்கோடு இருக்கா?" என்று கேட்டான். ஒவ்வொரு சிற்பத்துக்கும் ஒரு நம்பர் போட்டு வரிசையாக வரைபடம் போடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. இப்போது அதைச் செய்துகொண்டிருக்கிறேன், விமானத்தைச் சுற்றி வரும் திசையில்.

டீச்சரம்மா, பன்னிரண்டாம் நம்பரில் ஓர் எழுத்து எனக்குக் காலாகவும் படுகிறது, ர-வாகவும் படுகிறது. அதற்கடுத்த எழுத்து உடைந்திருக்கிறது. நோட்டில் வரைந்ததைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பார்த்துச் சொல்ல முடியுமா?