கேலக்ஸி ரஸ்போரா வளர்த்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். ஒரு மாதமாகத் தொட்டியில் ஆறு கேலக்ஸி ரஸ்போரா மீன்கள் வளர்க்கிறேன். இரண்டு செ.மீ.தான் இருக்கும், கருநீல உடம்பில் முத்துத் தெளித்த மாதிரி புள்ளிகள். 2006-இல் மியான்மரில் ஹோபோங் அருகே, சுமார் 1000 மீட்டர் உயரத்தில், ஊற்றுநீர் தேங்கும் ஆழமில்லாத குட்டைகளில் கண்டுபிடித்தார்கள். அங்கே தெளிந்த தண்ணீர், செடிகளும் அடர்த்தி. என் தொட்டியில் செடி குறைவு. பெரிய ஆண் மீன் இன்னொன்றை விரட்டி விரட்டி வால் நுனியைக் கிழித்துவிட்டது. அடிபட்டது ஃபில்டருக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கிறது. பார்க்க மனசு கேட்கவில்லை.

ஒளிந்துகொள்ளப் பாசி போதுமா, உயரமான செடிகளும் வேண்டுமா? பெண் மீன்களைக் கூட்டினால் சண்டை அடங்குமா? அப்புறம், தண்ணீர் 28 டிகிரி. மலைக்குட்டை மீனுக்கு இது சூடுதான், எப்படிக் குறைப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.