கலைச்சொல்: எக்ஸ்-ஒய் கன்ட்ரோலருக்குத் தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

மென்பொருள் சிந்தசைசர் (கணினியில் இசையொலி உருவாக்கும் நிரல்) கையேட்டில் இந்தச் சொல் எட்டு இடத்தில் வருகிறது. இப்போதைக்கு 'ஈரச்சுக் கட்டுப்படுத்தி' என்று போட்டு வைத்திருக்கிறேன். ஒரே கையசைவில் இரண்டு மதிப்புகளை மாற்றும் கருவி என்பது பொருள். இடம் வலமாகப் போனால் பில்டர் கட்ஆஃப் (ஒலியை வடிகட்டும் எல்லை), மேலே கீழே போனால் ரெசொனன்ஸ் (அந்த எல்லையை ஒட்டிய ஒலியின் அழுத்தம்). வாங்குவோருக்கு மூன்று வழி எழுதியிருக்கிறேன்: கோர்க் நானோபேட்2 மாதிரி தொடுபரப்பு, அகாய் எம்பிகே மினி மாதிரி கீபோர்டிலேயே இருக்கும் சின்னக் குச்சி, எல்லாவற்றிலும் மலிவாக கேஒய்-023 ஜாய்ஸ்டிக் மாட்யூலை வைத்து நாமே செய்துகொள்வது. சொல்லை உறுதி செய்து தாருங்கள்.

— பழங்காநத்தம்

> ஈரச்சுக் கட்டுப்படுத்தி

தம்பி, இலக்கணம் சரிதான். ஆனால் படிப்பவர் கண்ணில் ஈரம்தான் முதலில் படும், இரண்டு அப்புறம்தான். ஈரச்சு என்றால் மை காயாத நோட்டீஸ். இரட்டையச்சு என்றால் அதே நோட்டீஸ் இரண்டு தடவை மெஷினுக்குள் போய்விட்டது. பாடநூலில் பிள்ளைகள் எக்ஸ்-அச்சு, ஒய்-அச்சு என்றுதான் படிக்கிறார்கள். அது விளக்கத்தில் இருக்கட்டும், பெயருக்குள் வேண்டாம்.

அதோடு, இரண்டு அச்சு இருப்பதா இதன் தன்மை? இரண்டு ஸ்லைடரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் இரண்டு அச்சுதானே? ஒரு கை இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது என்பதைச் சொல்லும் பெயர் வேண்டும்.

— திருநகர்

ஐயா சொன்ன வித்தியாசம் மிடி லேர்னில் பளிச்சென்று தெரியும். மிடி என்பது இசைக்கருவிகள் செய்தி அனுப்பும் முறை; லேர்ன் என்றால் நாம் அசைக்கும் கட்டுப்பாட்டை சிந்த் தானே கண்டுபிடித்து இணைத்துக்கொள்வது. லேர்ன் போட்டுவிட்டுக் குச்சியை வலப்பக்கம் தள்ளிப் பாருங்கள். கை எப்படியும் கொஞ்சம் மேலே கீழே போகும். சிந்த் எக்ஸை விட்டுவிட்டு ஒய்யின் சிசி எண்ணை (கட்டுப்பாட்டுச் செய்தியின் எண்) பிடித்துக்கொள்ளும். ஸ்லைடரில் இந்தத் தகராறே கிடையாது. மாட்யூலில் எஸ்டபிள்யூ என்று ஐந்தாவது கால் இருக்கிறதே, குச்சியை அமுக்கும் சுவிட்ச், அதை இதற்கு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அமுக்கலுக்கும் 'இரண்டும்', 'எக்ஸ் மட்டும்', 'ஒய் மட்டும்' என்று மாறுமாறு நிரல் எழுதினால் போதும். அமுக்கிக்கொண்டே தள்ளும்படி வைக்காதீர்கள், குச்சி ஆடும். அந்தக் காலுக்கு புல்-அப் (காலை மேல் மின்னழுத்தத்தில் பிடித்துவைக்கும் மின்தடை) போட மறந்தால் சுவிட்ச் தன்னிஷ்டத்துக்கு மாறும்.

கையேட்டில் விடுபட்டவை சில. குச்சியின் அசைவைப் படித்துக் கணினிக்கு அனுப்பும் போர்டு, ஏடிமெகா32யு4 சிப் உள்ள புரோ மைக்ரோ அல்லது லியனார்டோவாக இருக்க வேண்டும். அது யுஎஸ்பியிலேயே மிடி கருவியாகத் தெரியும். விலை குறைவு என்று சிஎச்340 சிப் போட்ட நானோவை வாங்கினால் கணினிக்கு வெறும் சீரியல் போர்ட்தான், மிடி கருவி இல்லை. பிக்கோ போர்டும் ஆகும், ஆனால் மாட்யூலில் +5வி என்று எழுதியிருக்கும் காலை 3.3 வோல்ட்டில்தான் இணைக்க வேண்டும். எழுத்தை நம்பி 5 வோல்ட் கொடுத்தால் பிக்கோவின் ஏடிசி கால் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் கால்) போய்விடும்.

புரோ மைக்ரோவில் ஏடிசி 0 முதல் 1023 வரை தரும். மிடிக்கு 0 முதல் 127. எட்டால் வகுத்து அப்படியே அனுப்பினால் குச்சியைத் தொடாமலே 63, 64, 63, 64 என்று செய்தி கொட்டும். 511-ஐ வகுத்தால் 63, 512-ஐ வகுத்தால் 64; ஓய்வு நிலை அந்த வரப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கடைசியாக அனுப்பிய மூல அளவிலிருந்து 8-க்கு மேல் நகர்ந்தால் மட்டும் அனுப்புங்கள். இரண்டு முனைகளுக்கும் இந்த விதியிலிருந்து விலக்கு வேண்டும், இல்லாவிட்டால் பில்டர் முழுசாக மூடாது.

பெயருக்கு: மேழி, அதாவது கலப்பையின் கைப்பிடி. உழுகிறவர் கை அதில்தான் இருக்கும். அழுத்துகிற அளவில் ஆழம் மாறும், சாய்க்கிற பக்கம் சால் திரும்பும். ஒரு கை, இரண்டு அளவு.

— மேலூர்

மேழி நல்ல சொல், அண்ணே. ஆனால் தொடுபரப்பில் பிடியே இல்லையே? அதை 'தொடுபரப்பு' என்றே விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது.

இன்னொரு பிரிவும் வேண்டும். கேஒய்-023-இல் ஸ்பிரிங் இருக்கிறது, கையை எடுத்தால் நடுவுக்கு வந்துவிடும். பிட்ச் பெண்டுக்கு (சுருதியை வளைப்பதற்கு) அது சரி. கட்ஆஃப்பை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் வாசிக்க நினைப்பவருக்கு அது பயன்படாது. வாங்கும் முன் தெரிய வேண்டிய முதல் விஷயமே இதுதான். மீள்மேழி, நில்மேழி என்று பிரிக்கலாமா?

நான்கு ஆசிலேட்டரை (ஒலி பிறக்கும் மூலத்தை) ஒரே குச்சியால் கலக்குவதையும் சேருங்கள். 1986-இல் வந்த ப்ராஃபெட் விஎஸ் சிந்தசைசர், ஜாய்ஸ்டிக்கால் நான்கு ஒலிகளைக் கலக்கியது. நான்கையும் சதுரத்தின் மூலைகளில் வைத்தால் சிக்கல்: குச்சி வட்டத்துக்குள்தான் சுற்றும். மூலைவிட்டத்தில் முழுக்கத் தள்ளினாலும் 0 முதல் 1 வரை என்ற அளவில் ஒவ்வொரு அச்சும் சுமார் 0.85 தான், இரண்டையும் பெருக்கினால் அந்த மூலையின் ஒலிக்கு 0.73. எந்த ஆசிலேட்டரும் தனியாகக் கேட்காது. வைரம் மாதிரி மேல், கீழ், இடம், வலம் என்று வைத்துக் கணக்கையும் அதற்கேற்ப மாற்றினால் தீர்ந்தது.

— திருப்பரங்குன்றம்

மீள்மேழி புணர்ந்து மீண்மேழி ஆனாலும் பொருள் கெடாது, அப்படியே நிற்கட்டும். நில்மேழி புணர்ந்தால் நின்மேழி ஆகிவிடும் அம்மா. 'உன்னுடைய மேழி' என்று படிப்பார்கள். நிலைமேழி என்று வையுங்கள்.

— திருநகர்

அப்படியே மாற்றிவிட்டேன்: பொதுப்பெயர் மேழி, வகை மீள்மேழி, நிலைமேழி, தொடுபரப்பு தனி.

நிலைமேழிக்கு ரிமோட் விமானத்தின் பழைய டிரான்ஸ்மிட்டர் குச்சியைச் சொல்லலாமா? த்ராட்டில் பக்கம் மேல்-கீழுக்கு ஸ்பிரிங் கிடையாது, விட்ட இடத்தில் நிற்கும்.

— பழங்காநத்தம்

சொல்லலாம். அதே குச்சியில் இட-வலத்துக்கு ஸ்பிரிங் உண்டு என்பதையும் எழுதுங்கள், அதைக் கழற்றினால்தான் முழு நிலைமேழி. கழற்றியபின் குச்சி தன் எடையில் சரிந்தால் அந்த அச்சிலும் உராய்வுத் தகடு ஒன்று வைக்க வேண்டும்.

பாகங்கள் பட்டியலில் மட்டும் 'ஜாய்ஸ்டிக் மாட்யூல்' என்றே இருக்கட்டும். மதுரை டவுன்ஹால் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் போய் மேழி கேட்டால் உரக்கடைக்கு வழி சொல்வார்கள்.

— மேலூர்