கடன் தீர்த்துத் தரும் நிறுவனத்தில் சேரலாமா, நாமே வங்கியிடம் பேசலாமா?

பின்னலாடை_திருப்பூர்:
வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கைக்கு வருவது மாதம் 38,000. ஒரு கிரெடிட் கார்டில் 1,40,000, இன்னொன்றில் 60,000, பர்சனல் லோனுக்கு மாதத் தவணை 7,600. எல்லாம் அம்மாவின் ஆபரேஷனுக்கு வாங்கியது. இதுவரை ஒரு தவணையும் தவறவில்லை. ஆனால் கார்டுகளுக்கு மினிமம் டியூ, அதாவது மாதம் கட்டாயம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை மட்டும்தான் கட்ட முடிகிறது.

கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் கூப்பிடுகிறது. மாதம் 5,500 கட்டணம். செட்டில்மென்ட், அதாவது குறைந்த தொகைக்குக் கடனை முடிப்பது, நடந்தால் நமக்குக் குறைந்த தொகையில் 15 சதவீதம், அதற்கு ஜிஎஸ்டி தனி. இனி எந்த வங்கிக்கும் பணம் கட்டாதீர்கள், போன் வந்தால் எங்களிடம் தள்ளிவிடுங்கள் என்கிறார்கள். சேரலாமா?

ஈரோட்டு_அக்கா:
தம்பி, தயவுசெய்து சேராதீர்கள். 2020-ல் எங்கள் தறி நின்றபோது இதே மாதிரி ஒரு நிறுவனம் எங்களையும் விடாமல் கூப்பிட்டது. நான் சேரவில்லை. நானே வங்கியிடம் பேசினேன், எல்லாக் கடனையும் கட்டி முடித்தோம். அவர்கள் உங்கள் சார்பில் செய்யப்போவது பேச்சுவார்த்தை மட்டும்தான். அதைக் கடன் வாங்கியவர் நேரடியாகச் செய்யலாம், காசு ஆகாது.

முதலில் பெரிய கார்டைப் பாருங்கள். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,40,000-க்கு 4,900. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 882. ஆக, 5,782 வட்டிக்கே போகிறது. மினிமம் டியூ 5 சதவீதம், அதாவது 7,000 கட்டினால் அசலில் குறைவது 1,218 ரூபாய். உங்கள் உழைப்பெல்லாம் இங்கேதான் கரைகிறது.

வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்து இந்தக் கார்டை முழுசாக அடைத்துவிடுங்கள். வங்கி நகைக்கடன் வருடத்துக்கு 10 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம், மாத வட்டி 1,167தான். கார்டுக்குக் கட்டிய அதே 7,000-ஐ மாதாமாதம் நகைக்கடனில் போட்டால் இரண்டு வருடத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். இடையில் பகுதிப் பணம் கட்ட விடுவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். கார்டையும் அன்றைக்கே மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். திறந்து வைத்தால் இரண்டு கடனாகிவிடும்.

சின்னக் கார்டுக்கு மெயில் போடுங்கள். நான் அனுப்பியது இவ்வளவுதான்: “மாத வருமானம் இவ்வளவு. வீட்டுச் செலவு இவ்வளவு. மற்ற தவணைகள் இவ்வளவு. மீதி இவ்வளவு. கார்டு நிலுவையைக் குறைந்த வட்டியில் 36 மாதத் தவணையாக மாற்றித் தரவும். இனி இந்தக் கார்டைப் பயன்படுத்த மாட்டேன்.” ஆறு மாத ஸ்டேட்மென்ட்டை இணைத்தேன். கஷ்டக் கதை எதுவும் எழுதவில்லை, எண்கள் மட்டும். கஸ்டமர் கேரில் முடியாது என்றார்கள். அதே மெயிலை வங்கியில் புகார்களைப் பார்க்கும் நோடல் ஆபீசருக்கு அனுப்பிய பிறகு மாற்றித் தந்தார்கள்.

போனில் யார் என்ன சொன்னாலும் “மெயிலில் அனுப்புங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். பேச்சில் தருகிற சலுகைக்கு நாளைக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

வங்கி_ஓய்வு:
அந்த அம்மா சொல்வது சரி. கட்டாதீர்கள் என்ற யோசனைதான் எனக்கு ரொம்பக் கவலையாக இருக்கிறது. 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும். பர்சனல் லோனின் ஆட்டோ டெபிட் பணமில்லாமல் திரும்பினால், செக் பவுன்ஸ் வழக்கு போலவே வழக்குப் போட 2007-ம் ஆண்டு பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 25-வது பிரிவில் இடம் இருக்கிறது. அந்த வழக்கில் நிற்கப்போவது நீங்கள், அந்த நிறுவனம் அல்ல.

பாதித் தொகைக்கு முடித்தாலும், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும். பிறகு வீட்டுக்கடனுக்குப் போனால் முதல் கேள்வியே அதுதான். இதுவரை தவறாமல் கட்டிய நீங்கள் அந்தப் பெயரை ஏன் இழக்க வேண்டும்?

வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ கூப்பிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. மீறினால் தேதி, நேரத்தோடு வங்கிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) போகலாம். அதற்கும் கட்டணம் கிடையாது.

சேலம்_வாசி:
ஒரு விஷயம் சேர்க்கிறேன். வேலையே போய், கட்ட வழியே இல்லாதவர்களுக்கு செட்டில்மென்ட் தப்பில்லை. என் நிலைமை அப்படித்தான் இருந்தது. ஆனால் அதற்கும் நிறுவனம் தேவைப்படவில்லை. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) வங்கி அதிகாரியோடு நேருக்கு நேர் பேசி முடித்தேன், கோர்ட் ஃபீஸ் இல்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேட்டால் வழி சொல்வார்கள். செட்டில்மென்ட் கடிதம் வங்கியின் லெட்டர்ஹெட்டில் கைக்கு வரும்வரை ஒரு ரூபாய் கட்டாதீர்கள். கட்டுவதும் கடன் கணக்கில்தான், ஏஜென்ட்டின் ஜிபேயில் அல்ல. முடிந்ததும் பாக்கி எதுவும் இல்லை என்று நோ டியூ சர்டிபிகேட் வாங்குங்கள்.

பின்னலாடை_திருப்பூர்:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, வீட்டில் பேசிவிட்டேன், மனைவி வளையல்களைத் தருவதாகச் சொல்லிவிட்டாள். அந்த நிறுவனத்துக்கு வேண்டாம் என்று மெசேஜ் அனுப்பிவிட்டேன். சார், நகைக்குக் கொஞ்சம் கூடவே கிடைக்கும் போலிருக்கிறது. பர்சனல் லோனிலும் ஒரு பகுதியை அடைக்கட்டுமா?

வங்கி_ஓய்வு:
வேண்டாம், கூடக் கிடைப்பதைச் சின்னக் கார்டில் போடுங்கள். வட்டி அதிகமுள்ளது முதலில் போகட்டும். பர்சனல் லோன் ஃபிக்ஸட் வட்டியாக இருந்தால் முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் பிடிக்கலாம், ஒப்பந்தத்தில் பாருங்கள். அது தவணைப்படியே போகட்டும்.