மறு: சாலையில் 'போக்குவரத்துச் சமநிலை' – வேறு சொல் தேடலாமா?

வணக்கம்.

> 'மோடல் பேலன்ஸ்' என்பதற்குப் 'போக்குவரத்துச் சமநிலை' போதுமே? எளிமையாகவும் இருக்கிறது.

எளிமைதான். நம் கலைச்சொல் குழு தமிழ்ப்பெயர் தேடும் 'மோடல் பேலன்ஸ்' என்பது, ஒரே சாலையில் பலவகையில் போகிறவர்களுக்கு இடத்தையும் நேரத்தையும் பிரித்துக் கொடுப்பது. ஆனால் சமநிலை என்றதும் பஸ், லாரி, சைக்கிள், நடப்பவர் என்று ஆளுக்கொரு சம பாகம் கொடுப்பதாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இந்தத் துறையில் செய்வது அதுவல்ல. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துச் சாலைத் துறை 'ஸ்மார்ட்ரோட்ஸ்' என்ற பெயரில் செய்ததைப் பாருங்கள். எந்தச் சாலையில், எந்த நேரத்தில், யாருக்கு முதலிடம் என்று வரைபடத்தில் குறித்துவிட்டார்கள். கடைத்தெருவில் நடப்பவருக்கு, டிராம் போகும் தெருவில் டிராமுக்கு, சரக்குப் பாதையில் லாரிக்கு. கார்களைக் கடைத்தெருவுக்குள் விடாமல் சுற்றுச்சாலைக்குத் திருப்பப் பார்த்தார்கள். சிக்னலில் பச்சை எத்தனை நொடி எரிய வேண்டும் என்பதுகூட இதை வைத்துத்தான். ஒரு தெருவை மட்டும் பார்த்தால் ஓரவஞ்சனை மாதிரி தெரியும். சாலைப்பின்னல் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

அப்புறம் 'மோட்', அதாவது ஒருவர் எதில், எப்படிப் போகிறார் என்பதற்கு இந்த மடல் இழையில் வந்த 'ஊர்திவகை'யை நான் ஏற்கமாட்டேன். நடப்பவர் ஊர்தி இல்லை. அந்தச் சொல்லை வைத்த அன்றே அவர் கணக்கிலிருந்து போய்விடுவார். ஏற்கெனவே போனவர்தான் பாவம். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-இல் ஊரகச் சாலைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டியில் எல்லா வண்டியையும் கார் அளவுக்கு மாற்றிக் கணக்கிடுகிறார்கள். கார் 1, பஸ்ஸும் லாரியும் 3, மோட்டார் சைக்கிள் 0.5, பெரிய மாட்டு வண்டி 8. நடப்பவருக்கு எண்ணே கிடையாது. ஐம்பது பேரை ஏற்றி வரும் பஸ்ஸும், ஓட்டுநர் மட்டும் உட்கார்ந்திருக்கும் மூன்று கார்களும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். 2006-இன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலையிடத்தைப் பங்கிடும்போது வண்டியை அல்ல, மனிதரை மையமாக வைக்கச் சொன்னது. அதற்கு ஏற்ற சொல் 'பயணவகை'தான். நடையும் அதில் அடங்கும்.

சரி, சமநிலைக்குப் பதில் என்ன? எங்கள் கம்பம் பக்கத்து நிலவரத்தைச் சொல்கிறேன். விடிகாலையில் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கேரள எல்லை மலைப்பாதையான மெட்டு ஏறும். கேரளச் சந்தைக்குக் காய்கறி வண்டி போகும். இரண்டு மாநில பஸ்களும் குமுளிக்கு வரும். கார்த்திகை பிறந்தால் இவற்றோடு சபரிமலை வண்டிகளும், இருமுடியோடு சாலையோரம் நடந்து போகும் சாமிகளும். கூட்டம் மிகும் நாட்களில் சபரிமலை போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றிவிட்டு, திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாக இறக்குகிறார்கள். யாரும் சாலையை அகலப்படுத்தவில்லை. மலையில் அதற்கு இடமும் இல்லை. இருக்கிற இரண்டு பாதைக்குள்ளேயே யார், எப்போது, எந்தப் பக்கம் என்று பிரிக்கிறார்கள். ஆனால் அந்தப் பிரிவினை பக்தர் வண்டியை மட்டும் நினைத்துச் செய்வது. கம்பம்மெட்டு வழியாக வேலைக்குப் போகும் ஜீப்பு அதே ஏற்றத்தில் மாட்டிக்கொள்ளும். தாமதமானால் தோட்டத்தில் பேச்சு வாங்குவது உள்ளே இருக்கும் பெண்கள். நடந்து போகும் சாமிகளுக்கோ இரண்டு பாதையிலும் ஒதுங்க ஒழுங்கான ஓரம் இல்லை.

தண்ணீர் குறைவாக இருந்தால் வாய்க்காலில் என்ன செய்கிறோம்? முறை வைக்கிறோம், அதாவது ஒருவர் பின் ஒருவராக மாற்றி மாற்றி விடுகிறோம். வைகை அணையிலிருந்து பெரியாறு பாசனத்துக்குத் திறக்கும் அரசாணைகளில்கூட முதல் 45 நாள் முழுமையாகவும், மீதி 75 நாள் முறை வைத்தும் என்று வரும். முறையில் எல்லாருக்கும் ஒரே அளவு கிடையாது. நிலத்தைப் பொறுத்து, பயிரைப் பொறுத்து மாறும். கடைமடைக்காரனையும் மறக்கக் கூடாது. ஆகவே என் பரிந்துரை: பயணவகை முறைவைப்பு. அதை வரைபடமாகவும் நேர அட்டவணையாகவும் எழுதி வைத்தால் அதற்குப் பெயர் 'சாலைப்பின்னல் இயக்கத் திட்டம்'.

கூடலூரிலிருந்து

---

ஐயா, வணக்கம்.

'பயணவகை' எனக்குச் சம்மதம். 'முறைவைப்பு'தான் இடிக்கிறது. பாசனம் தெரியாதவருக்கு 'முறை' என்றால் 'விதம்'தான். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மலையாளத்தில் 'ஊழம்' என்ற சொல் புழங்குகிறது. அவரவர் வாய்ப்பு வரும் வரிசை என்று பொருள். பழந்தமிழிலும் ஊழ் என்றால் முறைதானே? இல்லாவிட்டால் 'பயணவகைப் பங்கீடு' என்று வைத்துவிடலாம், யாருக்கும் புரியும்.

---

அம்மா, ஊழ் அழகான சொல்தான். ஆனால் இன்றைக்குத் தமிழ்நாட்டில் அதைப் படிப்பவருக்கு விதி நினைவுக்கு வரும். ஒரு எழுத்து கூடினால் ஊழல் வேறு. நெடுஞ்சாலைத் துறைக் கோப்பில் அச்சுப்பிழையாக அது வந்து தொலைத்தால் யார் பதில் சொல்வது?

பங்கீட்டை நானும் யோசித்தேன். சிக்கல் என்னவென்றால், நூறு பயணத்தில் பஸ்ஸில் எத்தனை, நடையில் எத்தனை என்ற கணக்குக்கும் ஒரு சொல் வேண்டும். அதற்குப் 'பயணவகைப் பங்கு' இயல்பாக வருகிறது. அது சர்வே எடுத்துத் தெரிந்துகொள்வது. நாம் பேசுவது அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்வது. பங்கு, பங்கீடு இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் மாணவர் குழம்புவார்.

'விதம்' என்று படித்துவிடுவார்கள் என்பது சரியான கேள்வி. 'வைப்பு' சேர்ந்தபின் அந்தப் பொருள் பெரும்பாலும் நிற்காது என்று நினைக்கிறேன். முறை என்பதில் உரிமையும் இருக்கிறது. முறைமாமனிடம் கேட்டால் சொல்வார்.

எனக்கே திருப்தி இல்லாத இடம் ஒன்று உண்டு. பஸ்ஸுக்கென்று நிரந்தரமாக ஒரு தடம் கோடு போட்டு ஒதுக்கினால் அதில் நேரம் மாறுவதில்லை. அதை முறை என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குத் 'தட ஒதுக்கீடு' என்று தனியாக வைத்துக்கொண்டு, முறைவைப்பின் கீழே ஒரு வகையாகச் சேர்க்கலாமா? நெடுஞ்சாலைத் துறையில் இருந்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும். மற்ற சொற்களை வரைவுப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.