உயரம் குறைந்தவன் ஃபுல் பேக் ஆடலாமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கிளேட்டன் அப்பா

நேரே விஷயத்துக்கு வருகிறேன். 14 வயதுக்குட்பட்டோர் ஆஸ்திரேலிய ஃபுட்பால் (ஃபுட்டி) அணி. மகன் சின்னப் பிள்ளைகளுக்கான ஆஸ்கிக் பயிற்சி முடித்து வந்த நாளிலிருந்தே ஃபுல் பேக், அதாவது நம் கோல் வாசலில் எதிரணி ஃபார்வர்டைத் தடுக்கிறவன். இந்த வருடம் புதிதாக வந்த கோச், உயரப் பந்துக்கு மோத வேண்டிய கீ பொசிஷனுக்கு உயரம் பத்தாது என்று அவனை மைதான ஓரத்து விங்குக்கு மாற்றிவிட்டார். அவன் இடத்தில் இப்போது அவனைவிட ஒரு தலை உயரமான பையன்.

போன ஞாயிறு மூன்றாம் குவார்ட்டர். அந்த உயரமான பையன் பின்னால் நிற்கிறான், கையையும் தூக்கியிருக்கிறான். எதிரணி ஃபார்வர்ட் நம் பையன்களில் பலரைவிடக் குள்ளம். ஆனால் அவன் முன்னால் கால் ஊன்றி, முதுகைக் கொடுத்து இடத்தைப் பிடித்துக்கொண்டான். பந்து நேராக அவன் நெஞ்சுக்கு வந்தது. பிடித்தான், அதாவது மார்க்; பிடித்தவன் தடையில்லாமல் உதைக்கலாம். கோல். பின்னால் நின்றவனுக்குத் தட்டிவிடக்கூட வழியில்லை. விங்கில் நின்ற என் மகன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். அதுதான் வாரம் முழுக்க மனதில் ஓடுகிறது.

கீ பொசிஷனில் உயரம் உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா? ஆடியவர்கள், நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ரிச்மண்ட்காரன்

முக்கியம்தான். 2018இல் பெரிய லீக்கான ஏஎஃப்எல்லின் ப்ரிலிமினரி ஃபைனலுக்கு, அதாவது அரையிறுதிக்கு, மெல்போர்னின் எம்சிஜி மைதானத்தில் இருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். முந்தைய வருடக் கோப்பை எங்கள் ரிச்மண்டுடையது, அந்த சீசனிலும் பட்டியலில் முதலிடம். எதிரணி காலிங்வுட்டின் மேசன் காக்ஸ் 211 செ.மீ. டெக்சாஸ்காரர், கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர், பெரியவரான பிறகுதான் இந்தப் பந்தையே கையில் தொட்டவர்.

இரண்டாம் குவார்ட்டரில் மட்டும் மூன்று கோல். எங்கள் பின்வரிசையில் இருந்தவர் அலெக்ஸ் ரான்ஸ், ஐந்து முறை ஆல் ஆஸ்திரேலியன் (வருடத்தின் சிறந்த அணிக்குத் தேர்வானவர்). அவரே 194 செ.மீ தான். ஒரு பந்து நான் உட்கார்ந்திருந்த பக்கமாக உயரமாக வந்தது. எங்கள் ஆள் சரியான நேரத்தில் எழும்பினார், சரியான இடத்தில் எழும்பினார், பந்தைத் தட்டிவிட முஷ்டியையும் சரியாகத்தான் வீசினார். அது போய்ப் பட்டது காக்ஸின் முன்கையில். பந்து அதற்கும் மேலே, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் பத்திரமாக இருந்தது. சுற்றிலும் "யு.எஸ்.ஏ, யு.எஸ்.ஏ" என்று கத்துகிறார்கள். 39 புள்ளியில் தோற்றோம்.

எதையும் தப்பாகச் செய்யாமலே ஒருவர் தோற்பதை அன்று பார்த்தேன். பயிற்சியால் 17 செ.மீட்டரை ஈடுகட்ட முடியாது.

ஸ்வான்ஸ் 2005

ரிச்மண்ட்காரரே, அதே காக்ஸ் ஆடிய காலிங்வுட் அடுத்த வாரம் கிராண்ட் ஃபைனலில் (இறுதி ஆட்டத்தில்) வெஸ்ட் கோஸ்டிடம் 5 புள்ளியில் தோற்றதை விட்டுவிட்டீர்கள். உங்கள் 2017 கோப்பையையும் மறந்துவிட்டீர்கள். அன்று முன்வரிசையில் உயரமானவர் என்று சொல்ல ஜாக் ரீவோல்ட் ஒருவர்தான். சுற்றி எல்லாம் சின்ன ஃபார்வர்டுகள். பந்து தரைக்கு வந்தால் போதும் என்று ஆடி அடிலெய்டை 48 புள்ளியில் அடித்தீர்கள்.

என் அனுபவம் 2005 கிராண்ட் ஃபைனல். சிட்னி டூங்காபியில் நண்பர் வீட்டு ஹாலில் பத்துப் பதினைந்து பேர். வெஸ்ட் கோஸ்டைவிட எங்கள் ஸ்வான்ஸ் 4 புள்ளி முன்னிலை, கடைசி நொடிகள். வெஸ்ட் கோஸ்டின் டீன் காக்ஸ் அடித்த நீளமான உதை கோல் பக்கம் இறங்குகிறது. இரண்டு அணியின் உயரமானவர்களும் ஒரே கூட்டமாக மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பக்கவாட்டிலிருந்து எங்கள் லியோ பாரி ஓடி வந்து அத்தனை பேர் மேலும் பாய்ந்து மார்க் எடுத்தார். ஹாலில் யாருக்கும் சைரன் சத்தம் கேட்கவில்லை. 72 வருடம் கழித்து வந்த கோப்பை அது.

அவர் உயரம் 184 செ.மீ. அந்த அணியின் ஃபுல் பேக்கே அவர்தான். பந்து எங்கே இறங்கும் என்று மற்றவர்களுக்கு முன்பே தெரிந்தவருக்கு எதற்கு இரண்டு மீட்டர்?

டாண்டினாங் பழைய ஆட்டக்காரன்

தம்பி, லியோ பாரியின்ர மார்க்கை வச்சு ஃபுல் பேக்குக்கு உயரம் தேவையில்லை எண்டு சொல்லேலாது. அவர் ஓடி வந்து எழும்பினவர். ஃபுல் பேக்குக்கு முக்காவாசி நேரம் அந்த ஓட்டம் கிடைக்காது. ஒருத்தனோட ஒருத்தன் ஒட்டி நிண்டுதான் அடிபடோணும்.

நான் சின்ன வயசில யாழ்ப்பாணத்திலயிருந்து வந்தனான், ஃபுட்டி பழகினது முழுக்க இஞ்சதான். உள்ளூர் லீக்கில கனகாலம் ஃபுல் பேக். ஆறடிக்கும் குறைவு. ஒரு நாள் எனக்கு எதிரா நிண்டவன் ரக் (அம்பயர் மேல போடுற பந்துக்கு எழும்பிற இடம்) ஆடுற ஆள், எப்பிடியும் ரெண்டு மீட்டர் வருவான். முதல் பந்தில நான் அவன்ர பக்கத்தில நிண்டு அவனோட சேர்ந்து எழும்பினன். என்ர தலைக்கு மேலால எடுத்தான். அதுக்குப் பிறகு நான் எழும்பவேயில்லை. பந்து இன்னும் தூரத்தில வரேக்கையே அவன்ர இடுப்பில என்ர இடுப்பை வச்சுக் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளிக்கொண்டு போனன். கையால தள்ளினால் அம்பயர் விசில் அடிப்பார், உடம்பால எண்டால் விடுவார். பந்து இறங்கின நேரம் அவன் நிக்கவேண்டிய இடத்துக்கு ரெண்டடி பின்னால நிண்டான். உயரம் அங்க ஒண்டும் செய்யேல்லை.

ஆனால் இதையும் சொல்லோணும். அண்டைக்கு மழை. பந்து சோப்புக் கட்டி மாதிரி வழுக்கிச்சுது. வெயில் நாளில அதே ஆளோட திரும்ப விளையாடேக்க நாலஞ்சு கோல் என்ர தலைக்கு மேலால போச்சுது. ஆகவே அந்தக் கோச் சொன்னதில கொஞ்சம் நியாயம் இருக்கு. பிள்ளையை மாத்தின விதம்தான் பிழை.

சென்டர் ஹாஃப் பேக் அக்கா

எல்லோரும் ஆண்கள் ஆட்டத்தையே பேசுகிறீர்கள். 2017இல் பெண்களுக்கான பெரிய லீக் ஏஎஃப்எல்டபிள்யூ வந்த பிறகு எங்கள் பகுதியில் பெண்கள் அணி தொடங்கினார்கள், நானும் சேர்ந்தேன். பெரிய லீக்கில் பெண்களுக்குப் பந்து ஒரு அளவு சிறியது, பக்கத்துக்கு 16 பேர்.

எனக்கு ஆறாதது ஒரே பந்து. எதிரில் வலைப்பந்திலிருந்து வந்த மிக உயரமான பெண். நான் முஷ்டியை வீசினேன், பந்தில் படுவதற்கு முன்னால் அவள் கையில் பட்டது. கையை வெட்டியதாக ஃப்ரீ கிக், கோல் வாசலுக்கு நேரே. தோல்வியே அந்த உதையால்தான். பந்து என் கைக்கு அரை அடிக்கு மேலே, அவள் கை அதற்குக் கீழே. குள்ளமானவள் ஸ்பாயில் பண்ண, அதாவது முஷ்டியால் பந்தைத் தட்டிவிடப் போனால் வழியில் எதிராளியின் கை வந்தே தீரும். உயரமான தற்காப்பாளருக்கு அந்தச் சிக்கல் கிடையாது. உயரத்தால் வரும் இந்த நஷ்டத்தைத் தொலைக்காட்சி வர்ணனையில் யாரும் விளக்கிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடிலெய்ட்வாசி

2022 மார்ச்சில் ஸ்வான்ஸ் ஃபார்வர்ட் லான்ஸ் ஃப்ராங்க்ளின் 1000ஆவது கோல் அடித்தபோது சிட்னியின் எஸ்சிஜி மைதானத்தில் இருந்தேன், கூட்டத்தோடு மைதானத்துக்குள் ஓடினேன். அருகில் பார்த்தால்தான் 199 செ.மீ என்பது எவ்வளவு என்று தெரிகிறது. ஆனால் அவர் அந்த கோலை அடித்தது காலால். அவருடைய ஓட்டத்தையும் இடது காலையும்தான் மற்றவர்கள் பிடிக்க முடியவில்லை.

கிளேட்டன் அப்பாவுக்குச் சில வார்த்தைகள். 14 வயதில் இருக்கும் உயரத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இந்த வயதில் சீக்கிரம் வளர்ந்துவிட்ட பிள்ளை பெரியவனாகத் தெரியும், இரண்டு வருடத்தில் மற்றவர்கள் அவனை எட்டிப் பிடிக்கலாம், தாண்டவும் செய்யலாம். விங்கில் ஆடட்டும், நல்லதுதான். ஓட்டம் வரும், இரண்டு காலாலும் உதைக்க வரும், பந்தைத் தரையிலிருந்து அள்ளப் பழகுவான். நாளைக்கு வளர்ந்து ஃபுல் பேக் ஆனாலும் அதெல்லாம் கூடவே இருக்கும். சின்னதிலிருந்தே கோல் வாசலில் நிறுத்தி வைக்கப்பட்ட உயரமான பிள்ளைகளுக்குப் பந்து தரையில் விழுந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். உயரம் வளர என்று கடையில் விற்கும் பொடி எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். தூக்கம் முக்கியம், சனிக்கிழமை இரவு கைப்பேசியை வாங்கி வைத்துவிடுங்கள். முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றால், வளரும் வயது என்று விட்டுவிடாமல் ஃபிசியோவிடம் காட்டுங்கள். பந்து வரும்போது குதிக்காமல் அது விழும் இடத்துக்கு முதலில் போய் நிற்கிற பயிற்சியை வீட்டுப் பின்புறத்திலேயே கொடுக்கலாம். நீங்கள் உயரமாக உதையுங்கள், அவன் நின்ற இடத்தில் பந்து விழ வேண்டும், அவ்வளவுதான்.

ரிச்மண்ட்காரன்

ஸ்வான்ஸ் நண்பருக்கு: 2017இல் நாங்கள் சின்ன ஃபார்வர்டுகளோடு ஜெயித்தோம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்வரிசையில் ரான்ஸ் இருந்தார். முன்னால் குள்ளமாக ஆடலாம், பந்து கீழே விழுந்தால் நமக்கு லாபம். பின்னால் உயரம் இல்லையென்றால் பந்து கீழேயே விழாது. கேள்வி ஃபுல் பேக்கைப் பற்றித்தானே?

ஸ்வான்ஸ் 2005

அப்படியானால் ஃபுல் பேக் எதிர்கொள்ளும் ஃபுல் ஃபார்வர்டைப் பார்ப்போம். டோனி லாக்கெட் 1360 கோல், இன்றுவரை யாரும் தாண்டவில்லை. அவர் 191 செ.மீ. ஜேசன் டன்ஸ்டல் 1254 கோல், 188 செ.மீ. இவர்களோடு முட்டி நின்ற ஃபுல் பேக்குகளுக்கு வேண்டியிருந்தது உயரமா, உடம்பின் பலமா?

டாண்டினாங் பழைய ஆட்டக்காரன்

அது அந்தக் காலம் தம்பி. இப்ப காலிங்வுட்டின்ர டார்சி மோர் பின்வரிசை ஆள், அவரே 203 செ.மீ. அவ்வளவு உயரமான ஆள் முந்தியெண்டால் ரக்குக்குத்தான் போயிருப்பார். இப்ப அந்த உயரத்தில ஓடவும் தெரிஞ்ச பெடியள் வந்திட்டாங்கள், அதுதான் வித்தியாசம்.

மிட்ஃபீல்டர்

இவ்வளவு பேசியும் பந்தைப் போடுகிறவனைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. நான் வார இறுதி அணியில் சென்டரில் ஆடுகிறேன். எங்களுக்கு ஒரு மிக உயரமான ஃபார்வர்ட் வந்தார். அவர் வந்ததும் நாங்கள் எல்லோரும் தலை நிமிராமல் உயரமாகத் தூக்கி உதைக்க ஆரம்பித்தோம். பந்து மேலே நிற்கிற நேரத்தில் எதிரணியில் மூன்று பேர் வந்து சேர்ந்துவிடுவார்கள். மூன்று முஷ்டிக்கு நடுவில் எந்த உயரமும் நிற்காது. வாரா வாரம் இதே கதை.

ஒரு நாள் அவருக்குக் காயம், அந்த இடத்தில் 178 செ.மீ பையனை விட்டார்கள். தூக்கிப் போட வழியில்லை என்பதால் வேறு வழியின்றித் தாழ்வாக, வேகமாக, அவன் ஓடுகிற பாதைக்கு முன்னால் உதைத்தேன். ஃபுல் பேக் அவனைவிட நல்ல உயரம், ஆனால் ஒரு எட்டு பின்னால். பந்து நெஞ்சில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. கிளேட்டன் அப்பா, உங்கள் மகனின் இடத்தில் நின்ற பையன் அன்று தோற்றது இப்படி ஒரு உதையிடம்தான் என்று நினைக்கிறேன். அடுத்த ஆட்டத்தில் எதிரணியில் பந்தைப் போடுகிறவனையும் கவனித்துப் பாருங்கள். தூக்கிப் போடுகிறவன் என்றால் உயரமான பையனே பின்னால் நிற்கட்டும். தாழ்வாக அனுப்புகிறவன் என்றால் உங்கள் மகனை அங்கே நிறுத்தச் சொல்லி கோச்சிடம் தாராளமாகக் கேளுங்கள்.