மறு: 'சபை நீக்கம்' போதுமா? 'பந்தி விலக்கு' என்று சொல்லலாமே

வணக்கம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் கட்டுப்பாட்டோடு கூடி வாழ்ந்த யூதக் குழுவினரான எசேனியரைப் பற்றிய நம் கட்டுரைக்கான சொல் பற்றியது இது.

> எசேனியரின் தண்டனைக்குச் 'சபை நீக்கம்' என்ற சொல்லே இருக்கிறது, புதிதாக ஒன்று எதற்கு?

போதாது ஐயா. சபை நீக்கம் என்றால் ஆளை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். 1947-இல் சாக்கடல் அருகே கும்ரான் முதல் குகையில் கிடைத்த சுருள்களில் ஒன்று அவர்களுடைய ஒழுங்குவிதிகளைச் சொல்கிறது. (சுருள்களில் எசேனியர் என்ற பெயரே கிடையாது, சுருளில் வரும் சமூகத்தினர் எசேனியர்தானா என்ற சண்டையும் ஓயவில்லை, பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்பதை வைத்தே எழுதுகிறேன்.) அதன்படி, கூட இருப்பவரைப் பற்றி அவதூறு பேசினால் ஓராண்டுக்குத் தூய உணவைத் தொடக்கூடாது, ஆனால் ஆள் உள்ளேதான் இருப்பார். அதே அவதூறைச் சமூகம் முழுவதையும் பற்றிப் பேசினால் போக வேண்டியதுதான், திரும்பி வரவே முடியாது. இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் எப்படி?

கூட்டத்தில் தூங்கினாலும் துப்பினாலும் அசட்டுத்தனமாக வாய்விட்டுச் சிரித்தாலும் 30 நாள் தண்டனை உண்டு. நம் கலைச்சொல் கூட்டத்தில் இதை அமல்படுத்தினால் நான் எப்போதோ வெளியே.

எபிரேயத்தில் அந்த உணவைத் தொஹொரா என்கிறார்கள், நேர்ப்பொருள் தூய்மை. 'பலரின் தூய்மையிலிருந்து விலக்குதல்' (பலர் என்பது அந்தச் சமூகத்தின் உறுப்பினர்கள்) என்று அப்படியே பெயர்த்தால் தமிழில் ஒன்றும் விளங்காது. அந்தத் தூய்மை சாப்பாட்டில் இருந்தது. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுவதைப் பாருங்கள்: ஐந்தாம் மணிவரை, அதாவது நம் கணக்கில் பதினொரு மணிவாக்கில், வேலையை முடித்துவிட்டு இடுப்பில் லினன் துணி கட்டிக் குளிர்ந்த நீரில் குளிப்பார்கள், அப்புறம் தங்களைச் சேராத யாரும் நுழைய முடியாத அறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்வார்கள். ரொட்டி சுடுபவர் வரிசையாக ரொட்டி வைத்துக்கொண்டே போவார், சமையல்காரர் ஆளுக்கொரு தட்டில் ஒரே ஒரு பதார்த்தம். ஆசாரியர் ஜெபிக்கும்முன் யாரும் வாயில் வைக்கக்கூடாது. இதைப் பந்தி என்னாமல் வேறென்ன சொல்வது?

> பந்தி என்றால் சாதி பார்த்துத் தனியே உட்கார வைத்ததுதான் நினைவுக்கு வருகிறது.

வரும், மறுக்கவில்லை. பந்தியில் இடமில்லை என்றால் எவ்வளவு வலிக்கும் என்பது நம் வாசகருக்கு விளக்காமலே புரிவதும் அதனால்தான். ஆனால் இங்கே விலக்கு பிறப்பால் வருவதில்லை, கெடு முடிந்தால் திரும்ப உட்காரலாம். கட்டுரையில் முதல் இடத்தில் அதை ஒரு வரி சொல்லிவிட்டால் போதும்.

ஆகவே தற்காலிகத் தண்டனை 'பந்தி விலக்கு', நிரந்தரமாக வெளியேற்றுவது 'நீக்கம்'. நீக்கப்பட்டவர் நிலைமை பயங்கரம்: செய்த சத்தியத்தால் வெளியார் உணவைத் தொட முடியாமல் புல்லைத் தின்று பட்டினியால் சாவார்கள் என்கிறார் ஜோசிபஸ். திரும்பி வர முடியாது என்று சுருள் சொன்னாலும், உயிர் போகும் நேரத்தில் இரங்கிப் பலரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

புதிதாக வருபவரும் முதல் ஓராண்டு அந்த உணவைத் தொட முடியாது. அது தண்டனை அல்ல, அதனால் அங்கே 'விலக்கு' வேண்டாம், அனுமதி கிடைப்பதைப் 'பந்தி சேர்தல்' என்று வைத்துக்கொள்ளலாம். சிக்கல் பானத்தில்தான். தீட்டு திரவத்தில் எளிதாக ஒட்டும் என்பதால் அதைத் தொட இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும், அதற்கு எனக்குச் சொல் அகப்படவில்லை. 'பானப் பந்தி' என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள், வேறு கடை நினைவுக்கு வரும்.