கீமோவுக்குப் பிறகு காய்ச்சல்: அன்டிபயோட்டிக்கின் முதல் டோஸ் ஏறுமுன் பிசகும் இடங்கள்

வாட்டுத் தாதி:
கீமோ ஏற்றிக்கொண்டு போனவர்கள் பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள்தான் காய்ச்சலோடு வருவார்கள். முதலில் கேட்க வேண்டியது, "பனடோல் எத்தனை மணிக்குப் போட்டீங்க?" வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, வீட்டில் இரண்டு வில்லை விழுங்காமல் யாரும் வருவதில்லை. இங்கே தேர்மோமீட்டர் 37.4 காட்டும், ஆளை வரிசையில் இருத்திவிடுவார்கள். வீட்டில் ஒரு தடவை 38.3, அல்லது 38 ஒரு மணித்தியாலம் நின்றிருந்தால், காய்ச்சல் என்று எடுக்க அதுவே போதும். டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் எடுப்பவருக்குச் சூடே ஏறாமல் நடுக்கமும் பிரஷர் இறக்கமும் மட்டும் வரலாம். ஆசனவாயில் தேர்மோமீட்டர் வைக்கவே வேண்டாம்.

கிருமி வளர்த்துப் பார்க்கும் இரத்தக் கல்ச்சர் இரண்டு செட்: கீமோ ஏற்ற வைத்த லைன் (பெரிய நரம்புக் குழாய்) இருந்தால் அதிலிருந்து ஒன்று, கையிலிருந்து ஒன்று. பெரியவர்களுக்கு ஒரு போத்தலுக்கு 8–10 மில்லிலீட்டர். 2 மில்லிலீட்டர் அனுப்பினால் கிருமி இருந்தும் வளராமல் போகலாம். ஆனால் நரம்பு கிடைக்கவில்லை என்று அரை மணித்தியாலம் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

மருத்துவ அலுவலர்:
மிஸ் சொன்னது சரி. எஃப்.பி.சி. (இரத்தக் கல எண்ணிக்கை) ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்க வேண்டாம். வந்து 60 நிமிடத்துக்குள் அன்டிபயோட்டிக்கின் முதல் டோஸ் போக வேண்டும். ரிப்போர்ட்டில் வெண்கலங்களின் மொத்த எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். 2,100 இருந்து அதில் கிருமியோடு போராடும் நியூட்ரோபில் 18% என்றால் 378 மட்டுமே, 500க்குக் கீழ். சீழை உண்டாக்குவதே அந்தக் கலங்கள்தான், ஆகவே எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் நுரையீரல் தப்பியது என்று அர்த்தமில்லை.

பிப்பரசிலின்-டாசோபாக்டம் 4.5 கிராம் 6 மணிக்கொருமுறை, அல்லது செஃபெபிம் 2 கிராம் 8 மணிக்கொருமுறை (சிறுநீரகம் பழுதானால் அடுத்த டோஸ்களைக் குறைக்கலாம், முதலாவதை அல்ல). கையில் கிடைத்த செஃப்ட்ரியாக்சோன் சூடோமோனாஸ் என்ற கிருமியைப் பிடிக்காது. பிரஷர் விழுந்தவருக்கும், முன்பு ஈ.எஸ்.பி.எல். கிருமி (பல அன்டிபயோட்டிக்குக்கு அடங்காதது) வளர்ந்தவருக்கும் மெரோபெனம் 1 கிராம் 8 மணிக்கொருமுறை. வான்கோமைசின் எல்லோருக்கும் அல்ல: லைன் வாயில் சிவப்பு, தோல் தொற்று, நிமோனியா, ஷொக் இருந்தால் மட்டும்.

கொழும்பில் இன்னொரு வில்லங்கம் டெங்கு. அதிலும் வெண்கலங்களும் தட்டுக்களும் இறங்கும், கீமோவிலும் இறங்கும். டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனைக்கு இரத்தம் அனுப்புங்கள், பொசிட்டிவ் வந்தாலும் அன்டிபயோட்டிக்கை நிறுத்தாதீர்கள். சேலைனில்தான் கவனம்: செப்சிஸ் (உடலெங்கும் பாதிக்கும் கடும் தொற்று) என்று அள்ளி ஏற்றினால், டெங்குவில் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கியவருக்கு நெஞ்சில் நீர் கட்டும். இரத்தம் தடிப்பதைக் காட்டும் பி.சி.வி.யைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம்.

மருந்தாளர்:
டொக்டர், பிப்பரசிலின் தூள் கரைய நேரமெடுக்கும் என்பதையும் அந்த 60 நிமிடத்தில் சேருங்கள். 20 மில்லிலீட்டரில் நன்றாகச் சுழற்றிக் கரைத்து, 100 மில்லிலீட்டர் நோர்மல் சேலைனில் 30 நிமிடத்தில் ஏற்றலாம். ஜென்டமைசின் என்ற அன்டிபயோட்டிக்கை அதே போத்தலில் கலந்தால் ஜென்டமைசினின் வீரியம் போய்விடும். "பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது" என்றால் என்ன நடந்தது என்று கேளுங்கள். பலருக்கு அது வெறும் வயிற்றோட்டம்.

மருத்துவ அலுவலர்:
இன்னொன்று. இரண்டாம் நாளும் காய்ச்சல் நிற்கிறது, ஆள் தெம்பாக இருக்கிறார் என்றால் மருந்தை மாற்றாதீர்கள். லுக்கீமியாக்காரர்களுக்கு இறங்க 5 நாள்கூடப் பிடிக்கும். 4 முதல் 7 நாளாகியும் விடாவிட்டால் பூஞ்சணத்தைத் தேடி நெஞ்சு சி.டி. எடுங்கள்.